அறிவியல் மன்றத்துக்கு இந்த வருஷம் எந்தத் தலைப்பு? நெல்லைப் பக்கத்து ஆசிரியர்களுக்கு ஓர் ஒப்பீடு

ஜூனில் பள்ளி திறந்ததும் எனக்கு வரும் போன்களில் பாதி இந்தக் கேள்விக்காகத்தான் வரும். "டீச்சர், மன்றப் பொறுப்பை என்கிட்ட கொடுத்திட்டாங்க. நவீன அறிவியல்ல ஏதாவது ஒண்ணு உருப்படியா செய்யணும். எதை எடுக்கட்டும்?" போன வாரம் களக்காட்டிலிருந்து பேசிய இளம் டீச்சர் பட்டியலே போட்டு வைத்திருந்தார்: ராக்கெட், அணு, பருவநிலை, செயற்கை நுண்ணறிவு. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் "பூமிக்குள்ள இருக்கிற காந்தம்" என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தானாம், அதையும் கடைசியில் சேர்த்திருந்தார்.

வாரத்துக்கு ஒரு பீரியட்தான் மன்றத்துக்குக் கிடைக்கும். தேர்வு, விளையாட்டு விழா, மழை லீவு எல்லாம் கழித்தால் வருஷத்துக்கு இருபது பீரியட் தேறுவதே கஷ்டம். அதில் ஐந்து தலைப்பையும் தொட்டுவிட்டுப் போனால் கடைசியில் ஐந்து சார்ட் பேப்பர்தான் கையில் இருக்கும். அதனால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அதிலேயே உட்காருங்கள் என்பது என் கருத்து. எந்த ஒன்று என்பதற்கு அந்த டீச்சரிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில், பிள்ளை தன் கையால் ஒன்றை அளக்க முடியுமா? மற்ற எல்லாவற்றையும் விட எனக்கு இதுதான் பெரியது. தானே எடுத்த அளவை பிள்ளை லேசில் விட்டுக்கொடுக்காது. யாராவது தப்பு என்றால் சண்டைக்கு வரும். அறிவியல் அந்தச் சண்டையில்தான் ஆரம்பிக்கிறது.

அடுத்து, அதே வேலையைப் பெரிய அளவில் செய்கிற இடம் நமக்குப் பக்கத்தில் இருக்கிறதா? இந்த விஷயத்தில் திருநெல்வேலிச் சீமைக்குக் குறையே இல்லை. மூன்றாவது, பாடப்புத்தகத்தோடு ஒட்டுகிறதா? ஒட்டாவிட்டால் டிசம்பரில் தலைமையாசிரியரே நிறுத்தச் சொல்வார். நான்காவது, ஆரம்பத்தில் கண்ணுக்குத் தெரியாத செலவு. பணம் மட்டுமல்ல, அனுமதிக் கடிதம், நேரம், மனக்கசப்பு எல்லாம் இதில் சேரும். கடைசியாக, ஆசிரியருக்கும் விடை தெரியாத கேள்வி அதிலிருந்து கிளம்புமா?

| தலைப்பு | கையால் அளக்க | பக்கத்தில் உள்ள இடம் | பொருந்தும் வகுப்பு | தெரியாத செலவு |
|---|---|---|---|---|
| ராக்கெட் | தண்ணீர் ராக்கெட்டின் உயரம் | மகேந்திரகிரி, குலசேகரன்பட்டினம் | 6–10 | அனுமதி, வேன், பாதுகாப்பு |
| பூமியின் காந்தம் | ஊசியின் சரிவு | கிருஷ்ணாபுரம் | 8–12 | பொறுமை |
| அணுவும் காலக்கணிப்பும் | புளியங்கொட்டைச் சோதனை | ஆதிச்சநல்லூர், சிவகளை, கூடங்குளம் | 10–12 | பெருமிதமும் பயமும் |
| மழை | தினசரி மழையளவு | பள்ளிக்கூட முற்றம் | 5–12 | ஒரு நாளும் விடக்கூடாது |
| செயற்கை நுண்ணறிவு | ஓரளவு | ஹைடெக் லேப் | 9–12 | இணையம் |

## ராக்கெட்

பிள்ளைகளைக் கை தூக்கச் சொன்னால் ஜெயிப்பது இதுதான். பணகுடியைத் தாண்டும்போது தெரிகிற மலையடிவாரத்தில்தான் இஸ்ரோவின் மகேந்திரகிரி உந்துவிசை வளாகம் இருக்கிறது. சந்திரயான்-3ஐக் கொண்டுபோன ராக்கெட்டின் மேல்நிலைக்கான சிஇ-20 கிரையோஜெனிக் எஞ்சினை 2023 பிப்ரவரி 24 அன்று அங்கேதான் 25 விநாடி எரித்துப் பார்த்தார்கள். அதில் எரிபொருள் மைனஸ் 253 டிகிரியில் இருக்கும் திரவ ஹைட்ரஜன், அதை எரிக்க மைனஸ் 183 டிகிரியில் திரவ ஆக்சிஜன். நம் மே மாத வெயிலில் இவற்றைத் திரவமாகவே வைத்திருப்பது எப்படி என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் ஒரு மாதத்துக்கு அந்தக் கேள்வியே போதும்.

குலசேகரன்பட்டினம் இன்னும் சுலபம். தசராவுக்குப் பேர் போன குலசையில் 2024 பிப்ரவரி 28 அன்று ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஏன் அங்கே? அட்லஸை விரித்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே நேராக ஸ்கேலை வைக்கச் சொல்லுங்கள். கோடு இலங்கைப் பக்கம் போகும். பூமியை வடக்கு தெற்காகச் சுற்றும் துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட் இலங்கையைச் சுற்றி வளைய வேண்டும், அதற்கு எரிபொருள் வீணாகும். குலசையிலிருந்து ஸ்கேலை வைத்தால் கீழே கடல் மட்டும்தான். பைசா செலவில்லாமல் ஒரு பீரியடில் முடிகிற பாடம் இது.

அளவெடுக்கத் தண்ணீர் ராக்கெட் செய்யலாம். கேஸ் குளிர்பானம் வந்த பாட்டில், சைக்கிள் பம்ப், வால்வு செருகிய கார்க். தண்ணீரின் அளவை மாற்றி மாற்றி ஏவி, எட்டிய உயரத்தைப் பாகைமானியும் தூக்குக் குண்டும் வைத்துக் கணக்கிட வேண்டும். பத்தாம் வகுப்பின் இயக்க விதிகளும் முக்கோணவியலும் ஒரே மைதானத்தில் சந்திக்கும்.

ஆனால் ஏவும் தட்டைத் தரையில் அறைந்து நிறுத்தாமல் நான் ஒரு தடவை விட்டுவிட்டேன். பாட்டில் சாய்ந்து, இடுப்பு உயரத்தில் படுக்கைவாட்டில் பாய்ந்து, ஒரு பிள்ளையின் பக்கத்தில் ஒரு சாண் இடைவெளியில் போனது. அன்றிலிருந்து இரும்பு முளை, இருபது அடி தள்ளிக் கயிறு, பெரியவர் ஒருவர் மட்டும் பம்ப் பக்கம் என்பது மாறாத விதி. அப்புறம் அந்த வளாகங்களுக்குள் நினைத்த நேரத்தில் போய்விட முடியாது. முன்கூட்டியே கடிதம், பெற்றோர் சம்மதம், வேன் வாடகை என்று இரண்டு மாதம் ஓடிவிடும். இஸ்ரோ மையங்கள் மாணவர்களுக்கு நிகழ்ச்சி நடத்தும் உலக விண்வெளி வாரம் அக்டோபர் 4 முதல் 10 வரை, காலாண்டு லீவை ஒட்டி வரும். அதைக் குறிவைப்பதென்றால் ஜூலையிலேயே எழுதுங்கள்.

மன்றத்தில் பிள்ளைகளே சேராத பள்ளி என்றால் யோசிக்காமல் ராக்கெட்டை எடுக்கலாம். கூட்டம் சேர்க்க இதைவிட நல்லது இல்லை.

## பூமியின் காந்தம்

அந்தக் களக்காட்டுப் பையனின் துண்டுச் சீட்டுக்கு வருகிறேன். என் மனசுக்குள் முதலிடம் இதற்குத்தான்.

கோணி ஊசி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சாக்குத் தைக்கிற பெரிய ஊசி. அதன் நடுவில் மெல்லிய நூலைக் கட்டி, இரண்டு பக்கமும் சமமாக நிற்கும்வரை முடிச்சை நகர்த்துங்கள். இதற்கே அரை மணி நேரம் ஆகும். சமமானதும் முடிச்சில் ஒரு சொட்டுப் பசை. பிறகு பழைய ஸ்பீக்கரின் காந்தத்தை எடுத்து, ஊசியின் மேல் ஒரே திசையில் நாற்பது ஐம்பது தடவை இழுங்கள். இப்போது காற்றில்லாத இடத்தில் தொங்க விடுங்கள். மெல்லச் சுழன்று வடக்கு தெற்காக நிற்கும். ஆனால் மேலும் சாயாது, கீழும் சாயாது. படுத்த மாதிரியே கிடக்கும்.

முதல் தடவை செய்தபோது எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். "டீச்சர், ஒண்ணுமே ஆகலையே." பக்கத்தில் இருந்தவன் "ஏலே, மேசையை ஆட்டாதல" என்று இன்னொருவனைத் திட்டிக்கொண்டிருந்தான். அவளுடைய மாமா டெல்லியில் ஹோட்டல் வேலையில் இருந்தார். அவரிடம் அதே மாதிரி ஊசியைச் செய்து வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னோம். நான்கு நாள் கழித்து வந்தது. அவர் கட்டிய ஊசியின் வடக்கு முனை நன்றாகக் கீழே குத்தி நின்றது. வகுப்பில் யாரும் பேசவில்லை. அப்புறம் அந்தப் பிள்ளைதான் கேட்டாள்: "அப்ப நம்ம ஊர்ல மட்டும் ஏன் டீச்சர் நேரா நிக்கி?"

பூமியின் காந்தப்புலம் டெல்லியில் நாற்பது டிகிரிக்கு மேல் தரைக்குள் சரிந்து இறங்குகிறது. நம் பக்கத்தில் கிட்டத்தட்டத் தரைக்கு இணையாகவே ஓடுகிறது. காரணம், புலம் எந்தப் பக்கமும் சரியாமல் தரைக்கு இணையாக ஓடும் இடங்களைச் சேர்க்கிற காந்த நடுக்கோடு நம் பகுதியை ஒட்டிப் போகிறது. பூகோள நடுக்கோடு இங்கிருந்து தெற்கே வெகுதூரம் தள்ளி இருக்கும்போது காந்த நடுக்கோடு மட்டும் நம் தலைக்கு மேல். திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து விண்ணுக்கு முதல் ராக்கெட் கிளம்பியதற்கும் இந்தக் கோடுதான் காரணம். பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் சாலையில், சிற்பங்களுக்காக எல்லாரும் போகிற அதே கிருஷ்ணாபுரத்தில், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் ஓர் ஆய்வகம் வைத்திருப்பதும் அதனால்தான்.

பகலில் சூரிய ஒளி பட்டு, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் காற்று மின்னேற்றம் அடைகிறது. காந்த நடுக்கோட்டை ஒட்டிய குறுகிய பட்டையில் அங்கே கிழக்கு நோக்கி மின்னோட்டம் ஆறு மாதிரி ஓடுகிறது. நடுப்பகலில் அது உச்சத்துக்குப் போகும், சூரியன் சாய்ந்ததும் வற்றிவிடும். தாமிரபரணி தெரிகிற அளவுக்கு நம் பிள்ளைகளுக்கு இந்த ஆறும் தெரிய வேண்டாமா?

செலவு என்று பார்த்தால் ஊசியும் நூலும்தான், காந்தம் பழைய ரேடியோவில் கிடைக்கும். பணத்தைவிடப் பொறுமைதான் அதிகம் செலவாகும். இரும்பு மேசை, ஜன்னல் கம்பி, பாக்கெட்டில் இருக்கும் போன் எல்லாம் ஊசியைக் குழப்பும். பம்பாயில் மின்சார டிராம் வரப்போகிறது என்றதும் அங்கிருந்த காந்த ஆய்வகத்தையே 1904இல் அலிபாக்குக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது என்று சொன்னால், பிள்ளைகள் தாங்களாகவே மரத்தடிக்கு நகர்ந்து விடுவார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. போனில் இருக்கும் காந்த உணரியைப் பைபாக்ஸ் என்ற இலவச செயலியில் பார்க்கலாம், சரிவை அளக்க அது போதும். நம் ஊர்ப் புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. ஆனால் அந்த வானத்து மின்னாறு நடுப்பகலில் கூட்டுவது சுமார் நானூறில் ஒரு பங்குதான். போனின் அளவு சும்மா இருக்கும்போதே அதைவிட அதிகமாகத் துள்ளும். ஜாடிக்குள் காந்தத்தைத் தொங்கவிட்டு லேசர் அடிக்கிற செய்முறையைச் சிலர் சொல்வார்கள். அது புலத்தின் திசை மாறுவதைக் காட்டும், வடக்கே வெகுதூரத்தில் உள்ள நாடுகளுக்கு நல்லது. நம் ஊரில் முக்கியமாகக் கூடிக் குறைவது புலத்தின் பலம். அதனால் அந்த ஜாடியை வைத்து மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். மின்னாற்றைப் பார்க்க வேண்டுமானால் ஆய்வகங்கள் இணையத்தில் தரும் தரவை எடுத்து வரைபடம் போடுவதுதான் வழி. 2024 மே 10, 11 தேதிகளில் வந்த சூரியப் புயலை முதலில் எடுங்கள். லடாக்கில் வானம் சிவந்த அந்த இரவில் வரைபடத்தில் காந்தப்புலத்தின் கோடு எப்படிச் சரிந்தது என்று பிள்ளையே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் காந்தச் சரிவு வருகிறது. அந்த வகுப்புப் பிள்ளைகளுக்கு இது படிப்பு, எட்டாம் வகுப்புக்கு அதிசயம். பத்துப் பிள்ளைகள்தான் இருக்கிறார்கள், கையில் காசும் இல்லை என்கிற சின்னப் பள்ளிக்கு இதைவிடத் தோதான தலைப்பு எனக்குத் தெரியவில்லை.

## அணுவும் காலக்கணிப்பும்

கூடங்குளத்தில் தலா 1000 மெகாவாட் கொண்ட இரண்டு அணுஉலைகள் ஓடுகின்றன. தாமிரபரணிப் பக்கத்தில், அகழாய்வில் பழம்பொருள்கள் கிடைத்த ஆதிச்சநல்லூரும் சிவகளையும் இருக்கின்றன. இரண்டையும் ஒரே பாடத்தில் கட்டிவிடலாம். உலையில் அணுக்கருவைப் பிளக்கிறார்கள், பழம்பொருளின் வயதைக் கணிக்க அது தானாகச் சிதைவதைப் பார்க்கிறார்கள்; அணுக்கரு மாறக்கூடியது என்கிற உண்மைதான் இரண்டுக்கும் அடி.

சோதனைக்கு நூறு புளியங்கொட்டை. தாயம் ஆட உரசுகிற மாதிரி ஒரு பக்கத்தைத் தரையில் தேய்த்து வெள்ளையாக்குங்கள். நூறையும் குலுக்கிப் போட்டு, வெள்ளை மேலே விழுந்ததை எல்லாம் எடுத்துவிடுங்கள். அவை சிதைந்த அணுக்கள். மிச்சத்தை மறுபடி போடுங்கள். எங்கள் வகுப்பில் ஒரு குழுவுக்குக் கிடைத்தது: 100, 58, 34, 20, 11, 7. வரைபடத் தாளில் புள்ளி வைத்தால் அழகாக வளைந்து இறங்கும். எந்தக் கொட்டை எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் கூட்டமாக எப்படிக் குறையும் என்று சொல்லிவிடலாம்.

இங்கே ஒரு பையன் மடக்கினான். "டீச்சர், பாதி போயிருக்கணுமே, 58 எப்படி நிக்குது?" நாணயம் போட்ட குழுவுக்கு ஏறக்குறையப் பாதிப் பாதியாகக் குறைந்திருந்தது. தேய்த்த கொட்டை இரண்டு பக்கமும் சமமாக விழாது. அப்படியானால் நம் புளியங்கொட்டையின் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், ஒரு வீச்சைவிடக் கொஞ்சம் கூட. ஒவ்வொரு கதிரியக்க அணு வகைக்கும் அரை ஆயுள் வேறு வேறு என்பதை அன்றைக்கு நான் தனியாகச் சொல்லித் தரவே வேண்டியிருக்கவில்லை.

அதன் பிறகு சிவகளை. அங்கே முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல் உமியின் காலம் கி.மு. 1155 என்று 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். கார்பன்-14இன் அரை ஆயுள் 5730 ஆண்டு. கணக்குப் போட்டால் அந்த உமியில் தொடக்கத்தில் இருந்த கார்பன்-14இல் சுமார் 68 சதவீதம் இன்னும் மிச்சம். உயிருள்ள பயிரிலேயே ஒரு லட்சம் கோடிக் கார்பன் அணுவுக்கு ஒன்றுதான் கார்பன்-14 என்பதையும் சேர்த்துச் சொன்னால், ஒரு சின்ன உமியில் அதை எண்ணிவிடுகிற கருவியின் மேல் தானாக மரியாதை வரும்.

இதில் செலவாவது மனசு. 2025 ஜனவரியில் வெளிவந்த அரசு அறிக்கை சிவகளை இரும்பின் காலத்தை கி.மு. 3345 வரை கொண்டுபோனது. நம் மண்ணின் பெருமை, எனக்கும் நெஞ்சு நிறைகிறது. ஆனால் பெருமிதம் முன்னால் வந்துவிட்டால் "அது எப்படித் தெரியும்?" என்ற கேள்வி பின்னால் போய்விடும். இந்தப் பாடத்துக்கு அந்தக் கேள்விதான் உயிர். கூடங்குளத்தில் இதற்கு நேர் எதிரான சிக்கல். கடற்கரைக் கிராமத்துப் பிள்ளைகளின் வீட்டில் போராட்டத்துக்குப் போய் வழக்கு வாங்கியவர்கள் இருப்பார்கள். அணுஉலையில் வேலை பார்ப்பவரின் பிள்ளை பக்கத்து பெஞ்சில் இருக்கும். இரண்டு வீட்டுக் கவலையையும் கேட்க இடம் கொடுக்க முடியும் என்று உறுதியாக இருந்தால் மட்டும் உலைக்குள் நுழையுங்கள். இல்லையென்றால் காலக்கணிப்போடு நிறுத்திக்கொள்ளலாம், அதுவே ஒரு வருஷத்துக்குத் தாங்கும்.

கணக்கு ஆசிரியர் கூட்டாளியாக வந்தால் மேல்நிலைப் பள்ளிக்கு இதுதான் முதல் தேர்வு. வரலாற்று ஆசிரியரும் சேர்ந்துகொண்டால் இன்னும் நல்லது.

## மழை

2023 டிசம்பர் 17, 18ஐ நம் பிள்ளைகள் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். தூத்துக்குடி மாவட்டத்துக்கு வழக்கமாக ஒரு வருஷம் பெய்கிற மழையைவிட அது அதிகம். ஒரு சென்ட் நிலத்தில் விழுந்தது சுமார் 38,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் தண்ணீர் லாரி மூன்றுக்கும் மேல். இந்தக் கணக்கை ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் போடும்.

குளிர்பான பாட்டிலின் தலையை வெட்டிக் கவிழ்த்துப் புனலாக வைத்து, அடியில் மேடு பள்ளம் மறையக் கூழாங்கல்லும் தண்ணீரும் நிரப்பி அங்கே பூஜ்ஜியக் கோடு போட்டால் மழைமானி தயார். வானிலைத் துறை அளவெடுக்கும் காலை 8:30க்கே நீங்களும் எடுத்தால் அவர்களுடைய எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடலாம். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். பருவநிலை மாற்றத்தை அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

சிரமம் ஒன்றுதான், ஞாயிறு, பொங்கல், தேர்வு நாள் எதுவும் விடக்கூடாது. பள்ளிக்குப் பக்கத்திலேயே வீடு இருக்கும் இரண்டு பிள்ளைகளிடம் பொறுப்பைக் கொடுங்கள். முதல் வருஷத்தில் பெரிய முடிவு எதுவும் கிடைக்காது. ஐந்து வருஷம் தொடர்ந்தால் அந்த நோட்டு உங்கள் ஊரில் யாரிடமும் இல்லாத சொத்தாகிவிடும். வெள்ளத்தில் வீடு இழந்த பிள்ளை வகுப்பில் இருந்தால் பேச்சை அந்த நாளிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். குறுக்குத்துறை முருகன் கோயில் முங்குகிற வழக்கமான வெள்ளத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

இடமாறுதல் இல்லாமல் அதே பள்ளியில் பல வருஷம் இருக்கப் போகிறவர்களுக்கு இது ஏற்ற தலைப்பு.

## செயற்கை நுண்ணறிவு

பெற்றோர் அதிகம் கேட்பது இதைத்தான். ஹைடெக் லேபில் இணையம் ஒழுங்காக வந்தால், டீச்சபிள் மெஷின் என்ற இலவசக் கருவியில் வேப்பிலை, புங்க இலைப் படங்களைக் காட்டிப் பழக்கிவிட்டு, பிறகு முருங்கையிலையைக் காட்டச் சொல்லுங்கள். அது தயங்காமல் இரண்டில் ஒன்றைச் சொல்லும். அந்த ஒரு சோதனை நல்ல சோதனை. அதற்கு மேல் ஒரு வருஷம் ஓட்ட நம் பள்ளிகளில் வசதி குறைவு, பிள்ளையின் கையைவிடத் திரைதான் அதிகம் வேலை செய்கிறது. மற்ற தலைப்புகளுக்குத் துணையாக இரண்டு பீரியட் போதும்.

## களக்காட்டு டீச்சருக்குச் சொன்னது

அவருடையது உயர்நிலைப் பள்ளி, மன்றத்தில் பதினான்கு பிள்ளைகள், கணக்கு ஆசிரியர் பணியிடம் காலி. அதனால் காந்தத்தை எடுக்கச் சொன்னேன். ராக்கெட்டில் ஆசை விடவில்லை என்றால் அட்லஸும் ஸ்கேலும் வைத்து குலசைப் பாடத்தை மட்டும் ஒரு நாள் நடத்தலாம். மழைமானியை எப்படியும் முற்றத்தில் வைத்துவிடுங்கள், அதற்கு மன்றப் பீரியட் தேவையில்லை. கொக்கிரகுளத்து மாவட்ட அறிவியல் மையத்துக்கு எந்தத் தலைப்பை எடுத்தாலும் ஒரு நாள் கூட்டிப் போகலாம்.

முதல் வாரம் ஊசியைத் தேட வேண்டாம், சொந்தக்காரர்களைத் தேடுங்கள் என்றும் சொன்னேன். நம் ஊரில் துபாயில் ஒருவர், சிங்கப்பூரில் ஒருவர் இல்லாத தெரு குறைவு. இரண்டு பேரும் ஒரே ஞாயிற்றுக்கிழமை ஊசியைக் கட்டி வீடியோ அனுப்பட்டும். துபாயில் வடக்கு முனை கீழே இறங்கும், சிங்கப்பூரில் தெற்கு முனை இறங்கும். நடுவில் களக்காட்டு ஊசி எப்படி நிற்கும் என்று பிள்ளைகளையே முதலில் நோட்டில் எழுதி வைக்கச் சொல்லிவிட்டு, அப்புறம் நூலைக் கட்டுங்கள்.